நாசா உறையில் வந்த கையெழுத்து

வெள்ளை விண்வெளி உடையில் நீல் ஆம்ஸ்ட்ராங், பின்னால் நிலாத் தரையின் பெரிய படம். எட்டுக்குப் பத்து அங்குல வண்ணப் புகைப்படம், அதன் மேல் கையெழுத்து. கூடவே நாசா முத்திரை குத்திய பழைய தபால் உறை. ‘அப்பா 1970இல் கடிதம் போட்டு வாங்கியது’ என்று விற்பவரின் குறிப்பு. இப்படி ஒரு படம் இணைய ஏலத்துக்கு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் பொய் சொல்லவில்லை, உறையும் அசல்தான். ஆனாலும் ஆம்ஸ்ட்ராங் அந்தப் படத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

விண்வெளி வீரர்களின் கையெழுத்து வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். 1960களில் உலகெங்கிலுமிருந்து ஆட்டோகிராஃப் கேட்டு நாசாவுக்குக் கடிதங்கள் குவிந்தன. பயிற்சியில் இருந்த வீரர்களுக்கு உட்கார்ந்து கையெழுத்துப் போட நேரம் ஏது? நாசாவே ‘ஆட்டோபென்’ என்ற இயந்திரத்தை வைத்துப் போட்டு அனுப்பியது. வீரரின் கையெழுத்து வளைவுகளை விளிம்பில் வெட்டிய தகடு ஒன்று சுழலும். அந்த விளிம்பைத் தொட்டபடி நகரும் கரம் பேனாவை இயக்கும். விண்வெளி ஓடக் காலத்து வீரர்களின் படங்களும் இப்படிப் போயிருக்கின்றன. ஆக, நாசா உறை இருந்தால் கூடுதல் நம்பிக்கை வரக் கூடாது. கூடுதல் சந்தேகம்தான் வர வேண்டும்.

மை நிஜமானதா என்று பார்ப்பதிலும் பயன் இல்லை. இயந்திரம் பிடிப்பதும் கடையில் விற்கும் அதே பால்பாயின்ட், அதே ஸ்கெட்ச் பேனாதான். பார்க்க வேண்டியது கோட்டின் நடத்தை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்து முதல் எழுத்து தொடங்கும் இடத்தைப் பாருங்கள். மனிதக் கை பேனாவை ஓட்டத்திலேயே இறக்கி, ஓட்டத்திலேயே எடுக்கும். அதனால் கோட்டின் முனை மெலிந்து முடியும். ஆட்டோபென் பேனாவை நேராக இறக்கி, ஒரு கணம் நின்று, பிறகு கிளம்பும். தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் சின்னதாக ஒரு மைப்புள்ளி தங்கிவிடும். நடுவில் கோட்டின் தடிமன் மாறவே மாறாது. அழுத்தி எழுதிய இடம், வேகமாக இழுத்த இடம் என்ற வித்தியாசம் இருக்காது. நேராகப் போக வேண்டிய கோட்டில் இயந்திரத்தின் அதிர்வால் லேசான நடுக்கம் தெரியும். வயதான கையின் நடுக்கம் என்று சிலர் அதற்குச் சமாதானம் சொல்வார்கள். 1969இல் ஆம்ஸ்ட்ராங்குக்கு வயது 39தான்.

இதைவிட உறுதியான சோதனை ஒன்று உண்டு. ஒரே மனிதர் இரண்டு முறை அச்சு அசலாக ஒரே மாதிரி கையெழுத்துப் போடவே மாட்டார். சேகரிப்பாளர்கள் ஒவ்வொரு வீரரின் ஆட்டோபென் வடிவங்களையும் பல ஆண்டுகளாகத் திரட்டி வைத்திருக்கிறார்கள். உங்கள் படத்தில் உள்ளதை அதே அளவில் ஸ்கேன் செய்து, அவற்றின் மேல் வைத்துப் பாருங்கள். வளைவுக்கு வளைவு பொருந்தினால் கதை முடிந்தது. பொருந்தவில்லை என்பதாலேயே அசல் என்று ஆகிவிடாது. ஒரே வீரருக்குப் பல தகடுகள் இருந்தன. செயலாளர் போட்டதாகவும் இருக்கலாம், போலி எழுதுபவரின் கைவரிசையாகவும் இருக்கலாம். படத்தோடு சேர்த்தே அச்சடித்த கையெழுத்துகளும் உண்டு. அவற்றை லென்ஸில் பார்த்தால் மைக்குப் பதில் அச்சுப் புள்ளிகள் தெரியும்.

‘இன்னாருக்கு, வாழ்த்துகளுடன்’ என்று பெயர் எழுதிய படங்களுக்குச் சந்தையில் விலை குறைவு. புதிதாக வாங்குபவர் அதையே தேடுவது நல்லது என்பேன். வாழ்த்தும் கையெழுத்தும் ஒரே கை, ஒரே பேனா, ஒரே ஓட்டமாக இருந்தால் இயந்திரத்துக்கு வாய்ப்பு மிகக் குறைவு. வாழ்த்தைச் செயலாளர் எழுதி, கையெழுத்தை மட்டும் ஆட்டோபென் போட்ட படங்களும் இருப்பதால், இரண்டின் எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

தன் கையெழுத்து விற்பனைக்குப் போவதையும் போலிகள் பெருகுவதையும் பார்த்த ஆம்ஸ்ட்ராங், 1990களின் நடுவில் ஆட்டோகிராஃப் போடுவதையே நிறுத்தினார். விலை ஏறியது, போலிகளும் ஏறின. இன்று அவர் கைப்பட எழுதியதற்குப் பல ஆயிரம் டாலர் கொடுக்கிறார்கள். ஆட்டோபென்னுக்கு அதில் சிறு பங்குதான் கிடைக்கும்.

சான்றிதழ் இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. ‘ஆபரேஷன் புல்பென்’ என்ற நடவடிக்கையில் விளையாட்டு வீரர்களின் போலிக் கையெழுத்துக் கும்பலைப் பிடித்தபோது, பொருளோடு சான்றிதழையும் அவர்களே தயாரித்தது தெரியவந்தது. சான்றிதழ் தந்தவர் யார், பிற்பாடு போலி எனத் தெரிந்தால் பணம் திரும்பத் தருவதாக எழுத்தில் உறுதி தருகிறாரா என்று கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? கலிஃபோர்னியாவில் 50 டாலருக்கு மேல் ஆட்டோகிராஃப் பொருள் விற்கும் வியாபாரி, அசல் என்று சொல்லி விற்றால் சான்றிதழ் தர வேண்டும். மீறினால் இழப்பைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் கேட்டு வாங்குபவர் வழக்குப் போடலாம். ஆனால் இது வியாபாரிகளுக்குத்தான். வீட்டில் கிடந்ததை விற்கும் தனிநபருக்குப் பொருந்தாது. எனவே விற்பவர் எழுதிய விவரணைதான் உங்கள் ஆயுதம். ‘கைப்படக் கையெழுத்திட்டது’ என்று சொல்லியிருக்கிறாரா, வெறுமனே ‘கையெழுத்துள்ள படம்’ என்று நழுவியிருக்கிறாரா என்று பார்த்து, வாங்கும் முன்பே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

சந்தேகம் வந்தால் முதலில் விற்பவருக்கே எழுதுங்கள். தெரியாமல் விற்றவர்கள் பலர் பணத்தைத் திருப்பித் தந்துவிடுவார்கள். பெரிய பதிப்பகமே திருப்பித் தந்திருக்கிறது. 2022இல் பாடகர் பாப் டிலன் கைப்படக் கையெழுத்திட்டதாகச் சுமார் 600 டாலருக்கு விற்ற புத்தகங்களில் இருந்தது ஆட்டோபென் என்று வாசகர்கள் ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்கள். பதிப்பாளர் பணத்தைத் திருப்பித் தர, டிலன் மன்னிப்புக் கேட்டார். விற்பவர் மசியாவிட்டால், ஈபேயில் பொருள் கைக்கு வந்த 30 நாளுக்குள் புகார் பதிய வேண்டும். கிரெடிட் கார்டில் வாங்கியவர் வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பப் பெறும் ‘சார்ஜ்பேக்’ கேட்கலாம். இந்தியாவிலிருந்து வாங்குபவருக்கும் இதுவே நடைமுறைக்கு ஏற்ற வழி. அமெரிக்காவில் தபால் வழி நடந்த மோசடி என்றால் அந்நாட்டு அஞ்சல் புலனாய்வுத் துறையிடமும், இணையத்தில் நடந்தது என்றால் எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார் மையத்திடமும் புகார் தரலாம்.

உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் படம் ஆட்டோபென் என்று தெரியவந்தால் தூக்கிப் போட வேண்டியதில்லை. நாசா அனுப்பிய காலத்துப் பொருள் என்ற மதிப்பு அதற்கு உண்டு. விற்பதானால் ‘ஆட்டோபென்’ என்று தெளிவாக எழுதி விற்கலாம். தெரிந்த பிறகும் அதை மறைத்து விற்றால், மேலே சொன்ன புகார்கள் உங்கள் பெயருக்கு வரும்.