குழாய் உடைந்தால் எதைத் திருகுவது?

விடியற்காலையில் பெரட்டு முடிந்து பெரியவர்கள் பால்வெட்டுக்குச் சென்ற பின், லயத்து வீட்டில் பாட்டியும் பிள்ளைகளுமே இருப்பர். அந்நேரத்தில் குளியலறைக் குழாய் உடைந்து நீர் பீறிட்டால், காட்டிலிருந்து தாயோ தந்தையோ வந்து சேர்வதற்குள் அரிசி மூட்டையும் பள்ளிப் புத்தகங்களும் நனைந்து போகும். ஒரு திருகில் நின்றிருக்க வேண்டிய நீர் அது. எதைத் திருகுவது என்று வீட்டிலிருந்தோர் அறியாததுதான் குறை.

கோலா பிலா வட்டாரத் தோட்டங்களில் வசிக்கும் நாம் முதலில் அறிய வேண்டியது, நம் வீட்டு நீரை நிறுத்தும் அடைப்பான் எங்கே இருக்கிறது என்பதே. தனி மீட்டர் உள்ள வீட்டில் மீட்டரின் அருகே அதைக் காணலாம். மீட்டரையும் அதன் முத்திரையையும் தொடலாகாது. அவை, 2009-ஆம் ஆண்டு முதல் மாநிலத்தின் நீர் விநியோகத்தைக் கவனித்துவரும் சரிக்காட் ஆயர் நெகிரி செம்பிலான் நிறுவனத்தைச் சேர்ந்தவை. பழைய லயங்களிலோ, வரிசை முழுவதற்கும் ஒரே அடைப்பான் இருப்பதுண்டு. அதை மூடினால் அண்டை வீட்டாருக்கும் நீர் நின்றுவிடும். ஆகவே குரல் கொடுத்துவிட்டு மூடுவது முறை. அது இருக்குமிடம் தெரியாவிடில் தோட்ட அலுவலகத்தில் கிராணியாரைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. வீடு தரும் முதலாளி போதிய குழாய்நீரை இலவசமாகத் தர வேண்டுமென்று 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டமே கூறுகிறது.

அடைப்பான் இருவகைப்படும். வட்டப் பிடியுடையதை வலப்புறமாக, கடிகார முள் செல்லும் திசையில், நிற்கும்வரை பல சுற்றுகள் திருக வேண்டும். நீண்ட கைப்பிடியுடையதற்குக் கால் சுற்றே போதும். கைப்பிடி குழாயோடு ஒரே நேராக இருந்தால் நீர் ஓடும், குறுக்கே நின்றால் நீர் நிற்கும். பல ஆண்டுகள் தொடாத அடைப்பான் இறுகிப் போயிருக்கும். அதைச் சுத்தியலால் அடித்தால் உடையும். ஆண்டுக்கு இருமுறை மெல்ல மூடித் திறந்து வந்தால் இறுகாது. இதைப் பத்து வயதுப் பிள்ளையும் செய்து பழகட்டும்.

பலர் மறந்துவிடும் ஒன்று, கூரையருகே உள்ள தொட்டி. வாசலில் அடைத்த பின்னும் தொட்டியிலுள்ள நீர் உடைப்பின் வழியே வடிந்துகொண்டே இருக்கும். 400 லிட்டர் தொட்டியென்றால் 400 கிலோ நீர்! ஆதலால் தொட்டியின் அடியிலிருந்து புறப்படும் குழாயின் அடைப்பானையும் மூடுதல் வேண்டும்.

மின்சாதனங்களை நோக்கி நீர் பரவினால், கையும் காலும் உலர்ந்திருந்து, மின்பலகை வரை தரையும் உலர்ந்திருந்தால் மட்டுமே முதன்மை விசையை அணைக்கலாம். இல்லையேல் எல்லாரும் வெளியேறிவிடுவதே நல்லது.

சிறு வெடிப்பாயின், நீரை நிறுத்திய பிறகு பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி இழுத்துச் சுற்றிக் கட்டினால், பழுதுபார்ப்பவர் வரும்வரை தாங்கும். நாம் வடித்த பால் நம் வீட்டுக்கே காவலாக வருகிறது.

நீர்த்தடை நாளிலும் இதே தொல்லை வேறு உருவில் வரும். குழாயைத் திறந்து பார்த்து, நீர் வராததால் அப்படியே விட்டுவிட்டு வேலைக்குச் செல்கிறோம்; நண்பகலில் நீர் திரும்பி, ஆளில்லா வீட்டை நிரப்பிவிடுகிறது. பழுது தீர்ந்த பின்னர் அடைப்பானைச் சிறிது சிறிதாகத் திறக்க வேண்டும். முதலில் காற்றும் கலங்கல் நீரும் வரும். அதைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு, தெளிந்த நீரைப் பிடித்துக்கொள்ளலாம்.