மலிவு யாருக்கு?

"ஜப்பானில் 5 கிலோ அரிசி 2,400 ரூபாயாமே! நாம் கொடுத்துவைத்தவர்கள்" என்றார் மணிமங்கலம் தோழர் ஒருவர்.

கணக்கைப் பார்ப்போம், தோழர்களே! 2025 மே மாதம் அங்கே விலை 4,200 யென்னைத் தாண்டியது; ஓராண்டில் இரு மடங்கு! "அரிசியை நான் வாங்கியதே இல்லை, ஆதரவாளர்கள் தருகிறார்கள்" என்ற பொருளில் பேசிய வேளாண் அமைச்சர் பதவியிழந்தார். அன்று அந்நாட்டின் சராசரிக் குறைந்தபட்ச மணிக்கூலி 1,055 யென். ஆக, 5 கிலோவுக்கு நான்கு மணி உழைப்பு.

இங்கே? கிலோ 60 ரூபாய், எட்டு மணிக்கு 600 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். 5 கிலோவுக்கு 300 ரூபாய். அதே நான்கு மணி!

2011 முதல் ரேஷனில் விலையில்லா அரிசி, அதனால் மூச்சுவிடுகிறோம். பாலுக்கும் வீட்டு வாடகைக்கும் ரேஷன் கடை ஏது?

ஒரகடத்தில் கூலிப் பேச்சு எழும்போது, "இந்தியாவில்தான் எல்லாம் மலிவாயிற்றே" என்பார்கள். எத்தனை மணி உழைப்புக்கு மலிவு என்று கேளுங்கள்!