துப்பாக்கி பிடிக்கும்... ஆனா வேட்டை? மதுரைப் பக்கம் சட்டம் எதை விடுகிறது, எதைத் தடுக்கிறது?

தீபாவளிக்கு வாங்கும் ரோல் கேப் துப்பாக்கியில் ஆரம்பிக்கிற ஆசை, சிலருக்கு 30 வயதானாலும் விடுவதில்லை. கையில் கொஞ்சம் சம்பளம் வந்ததும் 'ஏர் கன் ஒண்ணு வாங்கலாமா மாப்ள?' என்று பேச்சு எழும். லீவுக்கு ஊர்ப்பக்கம் போனால் கண்மாய்க் கரையில் கவுதாரி, கரட்டுப் பக்கம் முயல். 'எங்க தாத்தாகிட்ட லைசென்ஸ் இருந்துச்சு' என்பார் ஒருவர். 'அமெரிக்காவுல பாரு, கடைக்குப் போனா வாங்கிட்டு வந்துடலாம்' என்பார் இன்னொருவர்.

ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் அது எந்த இடத்தில் குற்றமாக மாறுகிறது என்பது பலருக்குத் தெரியாது. லைசென்ஸே தேவைப்படாத ஏர் கன்னை வைத்து ஒரு முயலைச் சுட்டு ரீல்ஸ் போட்டால், அந்த வீடியோவே உங்களுக்கு எதிரான சாட்சி. துப்பாக்கி ஆர்வலருக்கு மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் சட்டம் எதையெல்லாம் அனுமதிக்கிறது? மூடிய கதவுகள் ஏன் மூடப்பட்டன? அதன் விலையை யார் கொடுக்கிறார்கள்?

லைசென்ஸ்: உரிமையா, அனுமதியா?

அமெரிக்காவில் ஆயுதம் வைத்திருப்பது அரசியலமைப்பு தரும் உரிமை. 1791-ல் சேர்க்கப்பட்ட இரண்டாவது திருத்தம் அதைச் சொல்கிறது. இந்தியாவில் கதை வேறு. இங்கே துப்பாக்கி என்பது 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகளும் தரும் அனுமதி. கேட்கலாம், காரணம் சொல்லலாம். கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது அதிகாரி. மதுரை மாநகருக்குள் என்றால் போலீஸ் கமிஷனர். மாநகருக்கு வெளியே என்றால் மாவட்ட ஆட்சியர்.

விண்ணப்பித்ததும் போலீஸ் விசாரணை நடக்கும். குறைந்தபட்ச வயது 21. உயிருக்கு ஆபத்து, பயிர்ப் பாதுகாப்பு, விளையாட்டு என ஏதாவது ஒரு காரணத்தை ஆதாரத்தோடு காட்ட வேண்டும். 'எனக்குப் பிடிக்கும்' என்பதெல்லாம் காரணமாகாது.

2019 திருத்தம் இதை இன்னும் இறுக்கியது. அதுவரை ஒருவர் 3 துப்பாக்கிகள் வைத்திருக்கலாம். இப்போது 2 தான். தாத்தா விட்டுப்போன இரட்டைக் குழல் துப்பாக்கியும் இந்தக் கணக்கில் சேரும். கல்யாணம், காதுகுத்து என்று வானத்தை நோக்கிச் சுட்டால், அது அடுத்தவர் உயிருக்கு ஆபத்து தரும் பட்சத்தில் 2 ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் வரலாம். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. லைசென்ஸ் இல்லாமல் தயாரித்தால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள்.

அப்போ ஏர் கன்?

விதி இதுதான்: குழல் அளவு 0.177 அங்குலத்துக்கு (4.5 மி.மீ.) மிகாமல், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமல் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். இரண்டில் ஏதாவது ஒன்று தாண்டினாலும் லைசென்ஸ் வேண்டும். வாங்கும்போது பில்லில் இந்த இரண்டு எண்களும் இருக்கிறதா என்று பார்த்து, பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இந்த விலக்கு துப்பாக்கிக்கு மட்டும்தான். அதை வைத்து என்ன செய்கிறீர்கள் என்பதற்கு விலக்கு கிடையாது.

அரசு ஏன் இவ்வளவு கறார்?

இந்தக் கறாருக்கு மதுரைச் சீமையில் 200 ஆண்டுக்கு மேல் பழைய வேர் இருக்கிறது. 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அதே ஆண்டு டிசம்பரில் மெட்ராஸ் ஆளுநர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையக்காரர்களின் கோட்டைகளோடு அவர்களின் ஆயுதங்களும் போயின. மதுரை, சிவகங்கைப் பக்கத்தில் வேட்டைக்கும் போருக்கும் வீசப்பட்ட வளரியும் மெல்ல மறைந்தது. அதை எறியக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1830-ல் வெளியான தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். பிறகு அதே மருதுவுக்கு எதிரான படையில் அவரும் இருந்தார்.

1878-ல் வைஸ்ராய் லிட்டன் காலத்தில் வந்த ஆயுதச் சட்டம், இந்தியர்கள் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைக்கக் கூடாது என்றது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்தது. 1920 ஏப்ரல் 3 அன்று, உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை பதிய மறுத்த பிரமலைக் கள்ளர் மக்கள் மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தனர்.

துப்பாக்கி யார் கையில் இருக்கலாம் என்ற கேள்வி, 'அரசு யாரை நம்புகிறது?' என்ற கேள்வியாகவே இங்கு இருந்திருக்கிறது. சுதந்திர இந்தியா 1959-ல் புதுச் சட்டம் போட்டு இனப் பாகுபாட்டை நீக்கியது. ஆனால் லைசென்ஸ் முறையை விடவில்லை.

தேர்தல் வந்தால் இந்த நம்பிக்கைக் கணக்கு நேரடியாகவே தெரியும். நடத்தை விதிகள் அமலுக்கு வந்ததும் மாவட்ட அளவிலான குழு லைசென்ஸ்தாரர்களின் பட்டியலைப் பரிசீலித்து, ஒப்படைக்க வேண்டியவர்களைத் துப்பாக்கியோடு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லும். தேர்தல் முடிந்த பிறகே திரும்பக் கிடைக்கும். வங்கிக் காவலாளிகளுக்கும் போட்டிகளில் பங்கேற்கும் துப்பாக்கி சுடும் வீரர்களுக்கும் இதில் விலக்கு உண்டு.

வேட்டை: முழுசா மூடிய கதவு

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முதலில் சில விலங்குகளை லைசென்ஸ் எடுத்து வேட்டையாட வழி இருந்தது. 1991 திருத்தம் அந்த வழியையும் அடைத்தது. பொழுதுபோக்குக்காக வேட்டையாடுவது இன்று இந்தியாவில் எங்கும் சட்டப்படி முடியாது.

'வேட்டை' என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பொருளும் அகலமானது. கொல்வது மட்டுமல்ல, பிடிப்பது, கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, விரட்டுவது, முட்டையைச் சேதப்படுத்துவது எல்லாம் வேட்டைதான். குறி தவறினாலும் முயற்சியே குற்றம். மயிலும் உடும்பும் முதல் பட்டியலில் இருக்கின்றன. அவற்றைத் தொட்டால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. முயல், கவுதாரி, காட்டுப்பன்றி எதுவும் 'சும்மா சுடலாம்' என்ற வகையில் இல்லை.

விலை கொடுத்தவர்கள்

இந்தக் கதவு மூடியதில் நகரத்து ஆர்வலருக்கு நஷ்டம் ஒரு பொழுதுபோக்கு. ஆனால் நரிக்குறவர்களுக்குப் போனது பிழைப்பு. நாட்டுத் துப்பாக்கியும் கண்ணியும்தான் அவர்களின் தொழில் கருவி. முயலும் கவுதாரியும் காடையும்தான் வருமானம். வேட்டை குற்றமானதும் பாசிமணியும் ஊசியும் மட்டுமே மிஞ்சின. பேருந்து நிலையங்களிலும் கோயில் வாசல்களிலும் பாசி விற்கும் குடும்பங்களின் பின்னால் இந்தச் சட்ட மாற்றமும் இருக்கிறது. மாற்றுத் தொழிலுக்குக் கைகொடுக்கக்கூடிய பழங்குடி அந்தஸ்து அவர்களுக்குக் கிடைத்தது எப்போது? நாடாளுமன்றம் அதற்கான மசோதாவை நிறைவேற்றியது 2022 டிசம்பரில். வேட்டைக்குச் சட்டம் வந்து சரியாக 50 ஆண்டு கழித்து.

அடுத்தவர் விவசாயி. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், சாப்டூர், பேரையூர் பக்கம் மக்காச்சோளமோ நிலக்கடலையோ போட்டவருக்குக் காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் கணக்கை முடித்துவிடும். ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவு, குழல் வழியாக மருந்தைக் கிட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கிக்குப் பயிர்ப் பாதுகாப்புக்காக லைசென்ஸ் தர வழி செய்கிறது. ஆனால் அதை வைத்துப் பன்றியைச் சுட்டால் வனச் சட்டம் குறுக்கே வரும். மனித உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்தோடு சுடுவது குற்றமில்லை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. பயிரைக் காப்பாற்ற என்று சொல்லவில்லை.

தமிழக அரசு 2025 ஜனவரியில் ஒரு வழி அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் சுடலாம். ஆனால் சுடுவது பயிற்சி பெற்ற வனத்துறை ஊழியர்கள் மட்டுமே.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் நிலைமை வேறு. பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுட அனுமதி தரும் அதிகாரம் 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. பட்டியலில் சேர்க்கப்பட்ட, லைசென்ஸ் உள்ள தனியார் சுடுநர்களை அவர்கள் அழைக்கலாம். கேரளத்து ஏற்பாட்டில் வேகம் உண்டு. தவறாகப் பயன்படும் ஆபத்தும் உண்டு. தமிழகத்து ஏற்பாட்டில் கட்டுப்பாடு உண்டு. ஆனால் வனத்துறை ஆள் வரும் வரை தோட்டத்துக்காரர் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு நீளும் இடங்களில்தான் சுருக்குக் கம்பியும் திருட்டு மின்வேலியும் நுழைகின்றன. அவற்றில் பன்றியோடு யானையும் மனிதரும் சிக்குகிறார்கள்.

திறந்திருக்கும் கதவு

சரி, சுட்டே ஆக வேண்டும் என்பவருக்கு? ரேஞ்ச் இருக்கிறது. மதுரை, திருச்சி, கோவை உள்ளிட்ட ஊர்களில் ரைஃபிள் கிளப்கள் இயங்குகின்றன. நடிகர் அஜித்குமார் 2022 ஜூலையில் திருச்சி ரைஃபிள் கிளப்பில் நடந்த மாநிலப் போட்டியில் பதக்கம் வென்றபோது பலருக்கும் இந்த உலகம் முதல்முறையாகத் தெரிந்தது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக்கிலும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் ஆடினார். அந்தப் போட்டியில் 10 புள்ளி பெற வேண்டிய வட்டத்தின் விட்டம் வெறும் 0.5 மி.மீ. பேனா முனையில் வைத்த புள்ளி அளவு. முயலைச் சுடுவதெல்லாம் இதற்கு முன்னால் எம்மாத்திரம்!

மதுரைக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் சுடுவது டிராப் பிரிவில். மணிக்கு 100 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் பறக்கும் தட்டை 12 போர் துப்பாக்கியால் உடைக்க வேண்டும். ஹாங்சோ ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் அவர் இருந்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் ஆடினார். இதே பாரிஸில் 1900-ல் நடந்த ஒலிம்பிக்கில் உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுட்டார்கள். இன்று பறப்பது தட்டு. ஆட்டத்தின் சவால் அப்படியே இருக்கிறது, ரத்தம் மட்டும் போய்விட்டது.

கதையில் சுட்டவர்களும் நிஜத்தில் வந்ததும்

வேட்டையும் அறிவியல் புனைவும் தமிழ் சினிமாவில் ரொம்ப நாள் முன்பே சந்தித்துவிட்டன. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், ஹாலிவுட்டோடு சேர்ந்து 1952-ல் எடுத்த 'காடு' படத்தில் வேட்டைக்காரர் குழு ஒன்று நம்ம ஊர்க் காட்டுக்குள் போய், அழிந்துபோன மாமத் யானைகளைச் சந்திக்கிறது. ஆபத்து காட்டில் இருக்கிறது, தீர்வு துப்பாக்கியில் இருக்கிறது என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. அதற்கு 30 ஆண்டுகளுக்குப் பிறகு ஆனந்த விகடனில் சுஜாதா எழுதிய 'என் இனிய இயந்திரா' தொடரில் வாசகர் மனதில் நின்றது ஆயுதம் எதுவும் இல்லை, ஜீனோ என்ற இயந்திர நாய்.

கதைகளில் மட்டுமே பார்த்த ஒளித் துப்பாக்கியும் நிஜமாகிவிட்டது. ஒலிம்பிக்கின் நவீன பென்டத்லான் போட்டியில் 2012 லண்டன் முதல் லேசர் பிஸ்டல்தான். குண்டும் இல்லை, புகையும் இல்லை. குறி பார்க்கும் கண்ணும் மூச்சடக்கும் பழக்கமும் அப்படியே வேண்டும்.

ஆசை உள்ளவர் இன்று எடுக்க வேண்டிய முதல் அடி கிளப்பில் சேர்வது. சொந்தத் துப்பாக்கி, லைசென்ஸ் எல்லாம் பிறகு. கவுதாரியைப் பார்த்தால் போனை எடுத்துப் படம் பிடிக்கலாம். அந்த ரீல்ஸுக்கு யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

கண்மாய்க் கரையில் கட்டிய கண்ணியைக் கைவிட்ட குடும்பத்துக்கும், ராத்திரி தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு பரண் மேல் உட்கார்ந்திருக்கும் விவசாயிக்கும் அப்படி ஒரு மாற்று அவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. துப்பாக்கிச் சட்டம் பற்றி அடுத்த முறை வாதம் கிளம்பும்போது முதலில் பேச வேண்டியது இவர்களைப் பற்றித்தான்.