ஏழு வருடக் கையெழுத்து
சொட்டு நீர் வரைபடத்தைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு மஞ்சள் தோட்டம். வைகாசியில் நட்டது. ஆவணி கடைசியில் போய்ப் பார்த்தபோது, மோட்டார் ரூம் ஓரத்து வரிசைகள் கருகருவென்று நின்றன. கடைசிப் பத்து வரிசை மட்டும் வெளுத்துக் கிடந்தது. "உரம் வெச்சுப் பாத்தாச்சுங்க, மருந்து அடிச்சுப் பாத்தாச்சுங்க, ஒண்ணுக்கும் கேக்கலீங்க" என்றார் தோட்டத்துக்காரர்.

பூச்சி மருந்து அளக்கும் குவளை இரண்டை வாங்கி, ஒன்றை முதல் வரிசை டிரிப்பருக்குக் கீழும் இன்னொன்றைக் கடைசி வரிசை டிரிப்பருக்குக் கீழும் வைத்தோம். மணிக்கு 4 லிட்டர் டிரிப்பர் அது. 3 நிமிடத்தில் 200 மில்லி விழ வேண்டும். முதல் குவளையில் 180 விழுந்திருந்தது, கடைசிக் குவளையில் 90.

செடிக்கு நோய் எதுவும் இல்லை. கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். அதற்கான காரணம் வீட்டு பீரோவில் பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது. சொட்டு நீர் அமைத்தபோது அவர் கையெழுத்துப் போட்ட வரைபடத்தில், போரின் நீர் அளவு மணிக்கு 10,000 லிட்டர் என்று எழுதியிருந்தது. அவருடைய போர் அவ்வளவு தண்ணீரை என்றைக்குமே தந்ததில்லை. யாரும் அளந்து பார்க்கவும் இல்லை.

அந்தக் கையெழுத்தின் விலை

சொட்டு நீர்ப் பாசனத்துக்கு மத்திய அரசு ஒரு பங்கு மானியம் தருகிறது. தமிழக அரசு அதன்மேல் தன் பங்கைச் சேர்த்து, சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் கிடைக்கச் செய்கிறது. 5 ஏக்கர் வரை நிலம் உள்ளவர் சிறு விவசாயி, இரண்டரை ஏக்கர் வரை உள்ளவர் குறு விவசாயி. தாசில்தாரிடம் வாங்கும் சான்று இதற்கு அவசியம். மற்ற விவசாயிகள் 12.5 ஏக்கர் வரை மானியம் பெறலாம்.

'முழு மானியம்' என்றதும் பலர் இதை இலவசம் என்று நினைத்து, வந்தது வரட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். இதில் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. ஒரு நிலத்துக்கு ஒருமுறை மானியம் வாங்கிவிட்டால், அதே நிலத்துக்கு மறுபடி வாங்க 7 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். வரைபடம் தப்பாக இருந்தால் ஏழு வருடம் அந்தத் தப்போடு குடித்தனம் நடத்த வேண்டியதுதான். இது நம் வரிப்பணம், நமக்குச் சேர வேண்டிய உரிமை. கடையில் காசு கொடுத்து வாங்கும் பொருளைப் புரட்டிப் பார்ப்பது போல இதையும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

நம் மண்ணுக்கு இது ஏன் முக்கியம்?

சேலமும் நாமக்கல்லும் பாறை பூமி. சேர்வராயனுக்கும் கொல்லிமலைக்கும் கீழே விரிந்த இந்தச் சமவெளியில், மணற்பாங்கான இடங்களைப் போல நிலத்தடியில் தண்ணீர் தேங்கி நிற்பதில்லை. பாறை வெடிப்புகளில் ஒளிந்திருக்கும் தண்ணீரைத்தான் தேடிப் பிடிக்கிறோம். ஜேடர்பாளையத்தில் பிரியும் ராஜவாய்க்கால் பாசனத்தையும் மேட்டூர் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்ப் பாசனத்தையும் தவிர்த்தால், மஞ்சளும் மரவள்ளியும் பாக்கும் கிணற்றையும் போரையும் நம்பித்தான் நிற்கின்றன. ஆயிரம் அடி போட்டும் புகை மட்டுமே வந்த கதை இல்லாத ஊர் இங்கே குறைவு.

நிலத்தடி நீரை அரசு பிர்கா வாரியாகக் கணக்கிடுகிறது. ஓர் ஆண்டில் எடுக்கத் தக்க நீரில் 70 சதவீதத்துக்குள் எடுத்தால் அது பாதுகாப்பான பிர்கா, 100 சதவீதத்தைத் தாண்டினால் அதிநுகர்வுப் பிர்கா. நம் இரண்டு மாவட்டங்களிலும் அதிநுகர்வுப் பட்டியலில் பல பிர்காக்கள் இருக்கின்றன. மின்சாரம் இலவசம் என்பதால், வீணாகும் தண்ணீரின் விலை எந்த பில்லிலும் வருவதில்லை. அடுத்த போர் போடும்போதுதான் அது தெரிகிறது.

வரைபடத்தில் என்ன பார்க்க வேண்டும்?

இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை. 200 லிட்டர் டிரம், கடிகாரம், கொஞ்சம் கணக்கு, இவை போதும்.

முதலில் போரை அளந்துகொள்ளுங்கள். மோட்டாரைப் போட்டு இரண்டு மணி நேரம் ஓடவிட்ட பிறகு டிரம்மில் பிடியுங்கள். 200 லிட்டர் டிரம் 2 நிமிடத்தில் நிறைந்தால் மணிக்கு 6,000 லிட்டர். 'ஒண்ணரை இஞ்ச் தண்ணி' என்ற வாய்க்கணக்கு இங்கே உதவாது. மழைக்காலத்தில் அளந்தாலும் ஏமாந்துபோவோம். சித்திரை வெயிலில் போர் தரும் தண்ணீர்தான் மெய்யான அளவு.

அடுத்தது டிரிப்பர் கணக்கு. ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஒன்றரை மீட்டருக்கு ஒரு லேட்டரல் (பக்கக் குழாய்) என்றால் மொத்தம் சுமார் 2,700 மீட்டர் குழாய். 60 சென்டிமீட்டருக்கு ஒரு டிரிப்பர் என்றால் சுமார் 4,500 டிரிப்பர். ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர் என்றால் ஏக்கருக்கு மணிக்கு 18,000 லிட்டர் வேண்டும். உங்கள் போர் 6,000 தான் தருகிறது என்றால், அந்த ஏக்கரை மூன்று பாகமாகப் பிரித்து, பாகத்துக்கு ஒரு கேட் வால்வு வைத்து, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் பாய்ச்ச முடியும். நாமகிரிப்பேட்டைத் தோட்டத்தில் ஏக்கரை இரண்டாகத்தான் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் 9,000 லிட்டர் தேவை, வந்ததோ 6,000. பற்றாக்குறை முழுவதும் கடைமடையின் தலையில் விழுந்தது.

மூன்றாவது பில்டர். திறந்த கிணற்றிலும் வாய்க்காலிலும் பாசி வரும், அதற்கு மணல் பில்டர் வேண்டும். மணல் தள்ளும் போருக்கு ஹைட்ரோசைக்ளோன் வேண்டும். வெறும் வலை பில்டரை மட்டும் எல்லாத் தண்ணீருக்கும் மாட்டிவிட்டுப் போனால், வெகு சீக்கிரத்தில் டிரிப்பர் அடைத்துக்கொள்ளும். உப்புத் தண்ணீர் என்றால் பரிசோதனை முடிவைக் காட்டி, அமிலச் சுத்திகரிப்புக்கு என்ன வழி என்று கேளுங்கள்.

நான்காவது குழாயின் தரம். லேட்டரல் குழாயில் ஐஎஸ் 12786, டிரிப்பர் உள்ளேயே பதித்த குழாயில் ஐஎஸ் 13488, பிவிசி மெயின் குழாயில் ஐஎஸ் 4985 என்ற எண்களோடு ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். பொருள் பட்டியலில் எழுதியிருக்கும் மீட்டரும் தோட்டத்தில் இறங்கிய மீட்டரும் ஒன்றுதானா என்று டேப் வைத்து அளந்து பாருங்கள்.

உங்களுக்கு உள்ள உரிமைகள்

அங்கீகரிக்கப்பட்ட கம்பெனிகளில் எதை வேண்டுமானாலும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். வரைபடம், பொருள் பட்டியல், உத்தரவாத அட்டை மூன்றின் நகலும் உங்கள் கையில் இருக்க வேண்டும். பயிர் இடைவெளிக்கு ஏற்ப அரசு நிர்ணயித்த தொகை வரைக்கும்தான் மானியம் கிடைக்கும். அதற்குமேல் பணம் கேட்டால் எந்தப் பொருளுக்கு என்று எழுதி வாங்குங்கள், ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

தரைநிலை நீர்த் தொட்டி, மோட்டார், குழாய் ஆகியவற்றுக்குத் துணை நீர் மேலாண்மைத் திட்டத்தில் தனி மானியம் உண்டு. புதுப் போருக்கான மானியம் பாதுகாப்பான பிர்காக்களுக்கு மட்டும்தான். உங்கள் பிர்கா எந்த வகையில் வருகிறது என்பதை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கையெழுத்து ஒன்றும் இருக்கிறது. வேலை முடிந்து, தோட்டத்தில் நேரில் சரிபார்த்து, இட அடையாளத்தோடு படம் எடுத்த பிறகுதான் மானியத் தொகை விடுவிக்கப்படும். 'வேலை திருப்தி' என்று நீங்கள் போடும் அந்தக் கையெழுத்துக்கு முன்னால் குவளைச் சோதனையைச் செய்து பாருங்கள். முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சரிசெய்யச் சொல்லுங்கள். கேட்பதற்கு அதைவிட நல்ல நேரம் பிறகு வாய்க்காது.

தப்பு நடந்துவிட்டால்?

முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். தேதி போட்டு, குவளை அளவையும் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். பதில் வரவில்லை என்றால், தோட்டக்கலைப் பயிருக்கு வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்திலும், கரும்பு போன்ற வேளாண் பயிருக்கு வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்திலும் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அடுத்தபடி, மாதந்தோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டம். முதல்வரின் முகவரித் துறையை 1100 எண்ணில் அழைத்தும் பதிவு செய்யலாம்.

கையில் காகிதம் எதுவும் இல்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்தில் உங்கள் கோப்பின் வரைபடம், பொருள் பட்டியல், ஆய்வு அறிக்கை, விடுவித்த மானியத் தொகை எல்லாவற்றையும் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.

கைக்காசு போட்டு வாங்கியவர்களுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 துணை நிற்கும். பிழைப்புக்காக விவசாயம் செய்பவரும் நுகர்வோர்தான் என்பதை, விதை வழக்கு ஒன்றில் 2012இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வழி கேட்க 1915 என்ற உதவி எண் இருக்கிறது.

நாமகிரிப்பேட்டைத் தோட்டத்துக்காரர் எந்த வழக்குக்கும் போகவில்லை. சொந்தச் செலவில் கூடுதலாக ஒரு கேட் வால்வும் கொஞ்சம் பைப்பும் வாங்கி, ஏக்கரை மூன்றாகப் பிரித்தார். அடுத்த முறை அளந்தபோது கடைசிக் குவளையில் 190 விழுந்தது. அந்த வருட மஞ்சளில் போனது போனதுதான்.

பிறகு பக்கத்துக் காட்டுக்காரர் சொட்டு நீருக்கு விண்ணப்பித்தார். கம்பெனி ஆள் படிவத்தோடு வந்தபோது, நீர் அளவு என்ற கட்டம் காலியாக இருந்தது. பேனாவை வாங்கும் முன்னால் அவர் சொன்னார்: "மொதல்ல அந்த டிரம்மை இப்படி உருட்டிட்டு வாங்க தம்பி, அளந்துட்டு எழுதுவோம்."