சிலந்திக்குப் பெயர், பெயருக்குச் சாட்சி

புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட தாவும் சிலந்தி ஒன்று செய்தித்தாளில் இடம்பிடிக்க வேண்டுமானால், அதற்கு ஒரு பிரபலத்தின் பெயர் வாய்த்திருக்க வேண்டும். மும்பைத் தாக்குதலின்போது, தாக்கியவர்களில் ஒருவனான கசாபை உயிரோடு பிடிப்பதற்காகத் தன் உயிரைக் கொடுத்த காவலர் துக்காராம் ஓம்ப்ளேயின் நினைவாக, மகாராஷ்டிரத்துச் சிலந்தி ஒன்றுக்கு 2021-இல் ‘ஐசியஸ் துக்காராமி’ என்று பெயரிட்டார்கள். 2019-இல் ஆஸ்திரேலியாவின் கறுப்பு வெள்ளைச் சிலந்தி ஒன்று, ஆடை வடிவமைப்பாளர் கார்ல் லாகர்ஃபெல்டின் பெயரைப் பெற்றது. இப்படிப் பெயர் வைப்பதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் செய்தி அந்தப் பெயரோடு முடிந்துவிடுவதால், புதிய இனத்தை அறிவிப்பது ஏதோ பெயர்சூட்டு விழா என்ற எண்ணம் வாசகர் மனத்தில் தங்கிவிடுகிறது. உண்மையில் அது ஒரு வழக்கைப் பதிவு செய்வதற்கு நிகரானது. “இந்த உயிர் இதுவரை யாரும் விவரித்த எதுவும் அல்ல” என்று ஒருவர் வாதிடுகிறார். அந்த வாதத்தைப் பிறகு வருபவர் சோதித்துப் பார்க்கவும், தேவைப்பட்டால் தள்ளுபடி செய்யவும் எந்த அளவுக்கு ஆதாரம் விட்டுவைத்திருக்கிறார் என்பதை வைத்துத்தான் அந்த அறிவிப்பை எடைபோட வேண்டும்.

தாவும் சிலந்தியை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று அறிவது எளிது. முகப்பில் விளக்குப்போலத் துருத்தி நிற்கும் இரண்டு பெரிய கண்களே போதும். எந்த இனம் என்று சொல்வதில்தான் சிக்கல். சிலந்திக் குடும்பங்களில் இதுவே மிகப் பெரியது. 6,000-க்கும் மேற்பட்ட இனங்கள் இதுவரை விவரிக்கப்பட்டுள்ளன. வண்ணத்தை நம்பி முடிவெடுக்க முடியாது. வயதுக்கேற்ப அது மாறும், ஆணும் பெண்ணும் வேறு வேறு இனம்போலத் தோன்றும், ஆல்கஹாலில் போட்டால் வெளுத்தும் போகும். அதனால் ஆய்வாளர்கள் இனப்பெருக்க உறுப்புகளையே முதலில் பார்க்கிறார்கள். ஆணின் வாயருகே குட்டிக் கைகள்போல இருக்கும் பெடிபால்ப்பின் நுனியில் விந்தைச் செலுத்தும் முள் எப்படி வளைகிறது, பெண்ணின் வயிற்றடியில் உள்ள திறப்பிலிருந்து குழாய்கள் உள்ளே எப்படிச் சுருண்டு செல்கின்றன என்பதை நுண்ணோக்கியில் பார்த்து வரைகிறார்கள். ஒரு மாதிரியைத் தேர்ந்து, ‘ஹோலோடைப்’ என்று முத்திரையிட்டு அருங்காட்சியகத்தில் வைக்கிறார்கள். பெயர் ஒட்டியிருப்பது அந்த ஒரே உடலோடுதான். விவரிப்பில் பிழை இருக்கலாம், வரைபடம் மோசமாக இருக்கலாம்; அந்த உடல் இருக்கும்வரை மேல்முறையீட்டுக்கு வழியுண்டு.

மேல்முறையீடுகளும் நடந்துகொண்டேதான் இருக்கின்றன. நம் வீட்டுச் சுவர்களில் ஈ பிடிக்கும் ‘பிளெக்சிப்பஸ் பேக்குல்லி’ 1826-இல் எகிப்திலிருந்து விவரிக்கப்பட்டது. மனிதர்களோடும் சரக்குகளோடும் அது வெப்ப நாடுகள் எங்கும் பரவிவிட்டதால், கண்ட இடத்திலெல்லாம் அறிஞர்கள் அதற்குப் புதுப்புதுப் பெயர் கொடுத்தார்கள். பிற்காலத்தில் மாதிரிகளை ஒப்பிட்ட பிறகுதான் அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றாக ரத்தாயின. இன்னும் அண்மைய எடுத்துக்காட்டு, தென்னிந்தியாவிலிருந்து 2014-இல் ‘கிரிசில்லா ஜேசுதாசி’ என்ற பெயரில் விவரிக்கப்பட்ட சிலந்தி. இலங்கை ஆய்வாளர்கள் நிலானி கனேசரத்தினமும் சுரேஷ் பெஞ்சமினும் உடலமைப்பையும் மரபணுவையும் சேர்த்து ஆராய்ந்து, ‘பின்டெல்லாய்டிஸ்’ என்ற புதிய பேரினத்தை 2019-இல் நிறுவினார்கள். ஜேசுதாசி அந்தப் பேரினத்துக்கு இடம் மாறியது. முதலில் விவரித்தவர்களுக்கு இது தோல்வியல்ல. அவர்கள் தெளிவாக விவரித்திருந்ததால்தான் மற்றவர்கள் அதைச் சரியான இடத்துக்கு நகர்த்த முடிந்தது. இப்படிப் பேரினம் மாறும்போது முதலில் விவரித்தவரின் பெயரை அடைப்புக்குறிக்குள் எழுதுவது விலங்கியல் மரபு. அந்தச் சிறு குறி, ஒரு திருத்தத்தின் வரலாற்றையே சொல்லிவிடுகிறது.

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும். கைபேசியிலேயே சிலந்தியின் கண்மயிரைக்கூடப் படம்பிடிக்க முடிகிற காலத்தில், ஓர் உயிரைக் கொன்று குப்பியில் அடைக்கத்தான் வேண்டுமா? தென்னாப்பிரிக்க ஈ ஒன்றைப் பிடித்துப் பாதுகாக்காமல், படங்களை மட்டுமே வைத்து 2015-இல் புதிய இனமாக அறிவித்தார்கள். மறு ஆண்டே வகைப்பாட்டாளர்கள் ஏறத்தாழ ஐந்நூறு பேர் கையெழுத்திட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். தாவும் சிலந்திகளைப் பொறுத்தவரை என் சார்பு அவர்கள் பக்கமே. படம் எடுத்தவருக்கு முக்கியமாகத் தோன்றிய கோணம்தான் படத்தில் இருக்கும். பெடிபால்ப்பின் அடிப்பக்கம் எப்படி இருந்தது என்று ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் கேட்டால் படம் பதில் சொல்லாது. ஆனாலும் எதிர்த்தரப்பில் ஓர் உண்மை இருக்கிறது. ஆஸ்திரேலிய மயில் சிலந்திகளில் பல இனங்களின் உறுப்புகள் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைப் பிரித்துக்காட்டுவது, ஆண் விரித்து ஆடும் விசிறியின் வண்ணமும் ஆட்டத்தின் முறையும். குப்பியில் போட்டால் அழிந்துபோகும் சான்றுகள் இவை. ஆய்வாளர்கள் யூர்கன் ஓட்டோவும் டேவிட் ஹில்லும் அந்த ஆட்டத்தையும் படங்களாகப் பதிந்து விவரிப்பில் சேர்த்தது அதனால்தான். 2021-இல் விவரிக்கப்பட்ட ‘மராட்டஸ் நெமோ’வும் முதலில் ஓர் ஆர்வலர் இணையத்தில் பகிர்ந்த படமாகவே கண்ணில் பட்டது, பிறகு மாதிரிகள் ஆய்வாளர் கைக்குச் சென்றன. படம் துப்புக் கொடுத்தது, உடல் சாட்சியானது. வாழிடம் மிகக் குறுகிய இனமாக இருந்தால் எத்தனை எடுப்பது என்பதில் கஞ்சத்தனம் வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த ஆட்சேபம் மரபணுத் தரப்பிலிருந்து வருகிறது. ஒரு காலைக் கிள்ளி டிஎன்ஏவைப் படித்தால் தீர்ந்துபோகும் விஷயத்துக்கு, முள்ளின் வளைவை வரைந்துகொண்டிருப்பானேன்? டிஎன்ஏ சாதித்தது கொஞ்சமல்ல. கனடாவின் வேன் மேடிசன் 2015-இல் வெளியிட்ட வகைப்பாடு, தோற்றத்தை நம்பிக் கட்டிய பல பழைய கூட்டங்களைக் கலைத்தது. எறும்புபோன்ற உடல் ஒரே வம்சத்தின் சொத்து அல்ல, வெவ்வேறு கிளைகளில் தனித்தனியாக உருவானது என்பது அதில் தெளிவானது. அமெரிக்கக் கண்டங்களின் சிலந்திகளில் பலவும் ஆஸ்திரேலியப் பகுதிச் சிலந்திகளில் பலவும் தத்தம் நிலத்திலேயே கிளைவிட்டுப் பெருகியவை என்பதும் தெரிந்தது. ஆனால் அதே மேடிசனின் ஆய்வுக்கூடம்தான், வட அமெரிக்க ‘ஹாப்ரோநாட்டஸ்’ பேரினத்தில் இனங்களுக்கிடையே கலப்பு நடந்து மரபணுக்கள் எல்லை தாண்டியிருப்பதை 2018-இல் காட்டியது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரே ஒரு மரபணுத் துண்டை வைத்து இனத்தைத் தீர்மானிப்பது, ஒரே சாட்சியை நம்பித் தீர்ப்பு எழுதுவதுதான். மேலும், பழைய பெயர்கள் எல்லாம் டிஎன்ஏ என்றால் என்னவென்றே தெரியாத காலத்து உடல்களோடு கட்டப்பட்டவை. புதிய வரிசையை அந்தப் பெயரோடு இணைக்க வேண்டுமானால் உறுப்பின் வடிவத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

வகைப்பாடு உண்மையாக இருந்தால் போதுமா, கைக்கு உதவ வேண்டாமா என்று கேட்டவர் போலந்தின் ஜெர்சி ப்ரோஷின்ஸ்கி. உலகெங்கும் சிதறிக் கிடந்த தாவும் சிலந்தி வரைபடங்களை ஒரே இடத்தில் திரட்டித் தந்தவர் அவர். அந்தக் கடனை இத்துறையில் யாரும் மறுக்க மாட்டார்கள். முசுறு எறும்பைப் போலவே நடமாடும் நம் ஊர்ச் சிலந்தி 1869-இல் விவரிக்கப்பட்டு, நெடுங்காலம் ‘மிர்மராக்னே’வில் இருந்தது. அந்தப் பெரும் பேரினத்தை 2016-இல் உடைத்து, அதை ‘மிர்மபிளாட்டா’வில் வைத்தவர் அவரே. பார்த்தவுடன் அடையாளம் காண உதவும் உறுப்பு ஒற்றுமையை வைத்துக் குழுக்களை அமைத்தால் போதும் என்று மறு ஆண்டு வாதிட்டார். 2019-இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து அதற்குக் காட்டமாக மறுப்பு எழுதினார்கள். அவர்களின் குறை நியாயமானது. வம்சத்தைப் பற்றி எதையும் வலியுறுத்தாத குழுவைத் தவறென்று காட்ட முடியாது. தவறென்று காட்ட முடியாததை மேம்படுத்தவும் முடியாது. அடையாளம் காண உதவும் திறவுகோல்களைத் தனியாக எழுதிக்கொள்ளலாம், அதற்காக வகைப்பாட்டை வளைக்கத் தேவையில்லை.

இவ்வளவு நிதானத்துக்கு நேரம் ஏது என்பது கடைசிக் கேள்வி. சுவீடனின் கார்ல் கிளார்க் 1757-இல் தொடங்கிய சிலந்திப் பட்டியல் 50,000-ஐத் தொட 265 ஆண்டுகள் ஆயின. 2022-இல் அந்த எண்ணை நிரப்பிய தென் அமெரிக்க ‘குரியூரியஸ் மினுவானோ’வும் தாவும் சிலந்திதான். காடு போகும் வேகத்தில் பட்டியல் போகவில்லை. ஆனால் அவசர விவரிப்பு மிச்சப்படுத்தும் நேரத்தைப் பின்னால் வருபவர் வட்டியோடு கட்டுகிறார். 1896-இல் பெக்காம் தம்பதியர் ஆண் மாதிரியை மட்டும் கொண்டு விவரித்த ‘பகீரா கிப்ளிங்கி’, வேலமர இலைநுனியில் முளைக்கும் சத்துமொட்டுகளையே பெரும்பாலும் தின்று வாழும் சைவச் சிலந்தி என்று உலகுக்குத் தெரிந்தது 2009-இல். இந்தியச் சிலந்திகளிலும் முதல் விவரிப்புக்குப் பின் செய்ய வேண்டிய வேலை மிச்சமிருக்கிறது. யூஜின் சைமன் விவரித்தவற்றின் மாதிரிகள் பாரிஸிலும், ரைமோசர் 1934-இல் தென்னிந்தியாவிலிருந்து விவரித்தவை ஜெனீவாவிலும் இருக்கின்றன. இன்று கண்டெடுக்கப்படும் புதிய இனத்தின் மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்கிறது 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம், நல்ல விதி. அதற்கு முந்தையவற்றுக்கு அந்த விதி உதவாது. பாரிஸ், ஜெனீவா குப்பிகளைத் திறந்து, உறுப்புகளை மறுபடி வரைந்து, படமெடுத்துப் பொதுவில் வைக்கும் வேலைக்குப் புதிய பெயர் எதுவும் கிடைக்காது, நாளிதழில் செய்தியும் வராது. கள ஆய்வுக்கு நிதி கொடுக்கும் நிறுவனங்கள் அந்த வேலைக்கும் ஆளையும் சம்பளத்தையும் ஒதுக்கினால், இங்கே அடுத்து அறிவிக்கப்படும் ‘புதிய’ சிலந்தி உண்மையிலேயே புதியதா என்று உள்ளூரிலிருந்தே சரிபார்க்க முடியும்.