இலவசமாக வரும் பிளாட்டினம் அட்டை: ஒரு வீட்டுக் கணக்கு

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வந்தபோது ராத்தாவின் மகன் காத்திருந்தான். கொழும்பில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். சம்பளம் 135,000 ரூபா. கையில் ஒரு வங்கியின் விண்ணப்பப் படிவம்.

"மாமா, ஒபிஸுக்கே வந்து தந்தாங்க. முதல் வருஷம் ஃபீஸ் இல்லையாம். எடுக்கட்டா?"

பிளாட்டினம் கடனட்டை. பெயர் பெரிதாக இருந்தாலும் அது நடுத்தரம்தான். கிளாசிக், கோல்ட் எல்லாம் அதற்குக் கீழே. சிக்னேச்சர் போன்றவை மேலே. விமான நிலைய ஓய்வறை, பயணக் காப்புறுதி என்று சில சலுகைகளை விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். வருடத்துக்கு ஒரு தடவைகூட கட்டுநாயக்க பக்கம் போகாதவனுக்கு அவற்றால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அவற்றை ஒதுக்கிவிட்டு, தேநீர் வருவதற்குள் ஒரு கொப்பித் தாளில் கணக்குப் போட்டோம். இதே நிலையில் நம் வீடுகளில் பல பிள்ளைகள் இருப்பதால் அந்தக் கணக்கை இங்கே தருகிறேன்.

முதலில் வரவு. அவன் மாதம் 50,000 ரூபாவை அட்டையில் செலவழிப்பான் என்று வைத்தோம். வருடத்துக்கு 6 இலட்சம். அவனுக்குச் சொல்லப்பட்டபடி 100 ரூபாவுக்கு ஒரு புள்ளி, ஒரு புள்ளியின் பெறுமதி 50 சதம். ஆக வருடம் முழுக்கச் செலவழித்தால் 6,000 புள்ளி, அதாவது 3,000 ரூபா. இரண்டாம் வருடத்திலிருந்து ஆண்டுக் கட்டணம் 5,000 ரூபா. புள்ளிகளை மட்டும் நம்பினால் 2,000 ரூபா நட்டம். அவன் முகம் அங்கேயே வாடிவிட்டது.

உண்மையான இலாபம் புள்ளியில் இல்லை, சுப்பர் மார்க்கட் கழிவில் இருக்கிறது. வார இறுதியில் 5,000 ரூபாவுக்கு மேல் வாங்கினால் 10 சதவீதம் கழிவு என்று அவனுடைய துண்டுப்பிரசுரத்தில் இருந்தது. மாதம் இரண்டு தடவை போனால் ஆயிரம் ரூபா, வருடத்துக்கு 12,000. ஆனால் தனியாக அறை எடுத்துத் தங்கும் பையனுக்கு 5,000 ரூபாவுக்கு என்ன சாமான்? 3,800 ரூபா பில்லை 5,000 ஆக்குவதற்காக நாம் தூக்கிப் போடும் சொக்லேட்டும் ஷாம்பூவும் மிச்சம் அல்ல, செலவு. அதைக் கழித்து, 8,000 என்று வைத்தோம். புள்ளி 3,000, கழிவு 8,000, கட்டணம் போக மிச்சம் 6,000. மாதத்துக்கு 500 ரூபா. ஒழுங்காகப் பாவிக்கும் ஒருவருக்கு இந்த அட்டையால் கிடைப்பது இவ்வளவுதான். அது பொய்யான இலாபம் என்று நான் சொல்லவில்லை. 500 ரூபாவும் காசுதான்.

இனிச் செலவு.

கூற்று வந்ததும் முழுத்தொகையையும் தவணைக்குள் கட்டினால் வட்டி இல்லை. கூற்று தயாரான மறுநாள் வாங்கிய சாமானுக்கு ஏறத்தாழ 50 நாள் அவகாசம் கிடைக்கும். அதற்கு முந்திய நாள் வாங்கியதற்கு மூன்று வாரமளவில்தான். ஆனால் கூற்றின் கீழே 'குறைந்தபட்சக் கொடுப்பனவு' என்று ஒரு சின்னத் தொகை இருக்கும். 60,000 ரூபா பில்லுக்கு 3,000 கட்டினால் போதும் என்று அது சொல்லும். அதைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, அவ்வளவுதான். மிச்சம் 57,000 ரூபாவுக்கு ஆண்டுக்கு 28 சதவீதம் என்றால் மாதம் 1,330 ரூபா. நாலரை மாதத்தில் அந்த 6,000 ரூபா இலாபம் கரைந்துவிடும். இதுவும் குறைத்துப் போட்ட கணக்கு. முழுத்தொகை கட்டாதபோது, சாமான் வாங்கிய நாளிலிருந்தே வட்டி கணக்கிடப்படுவதும், அடுத்து வாங்குவதற்கு அவகாசம் இல்லாமல் போவதும் வழக்கமான நிபந்தனைகள். தானியங்கி இயந்திரத்தில் அட்டையைப் போட்டுக் காசு எடுத்தால் அவகாசமே கிடையாது, கட்டணமும் தனி.

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2020 இல் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு 18 சதவீதம் என்று உச்சவரம்பு விதித்தது. அந்தத் தைரியத்தில் நானும் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிப் பழகிவிட்டேன். 2022 ஏப்ரலில் வரம்பு நீக்கப்பட்டது. அப்போது என் அட்டையில் 85,000 ரூபா நிலுவை. கேஸுக்கும் எண்ணெய்க்கும் வரிசையில் நின்ற அந்த மாதங்களில் வங்கியிலிருந்து வந்த குறுந்தகவல்களை யார் வாசித்தது? ஒருநாள் பார்த்தால் வீதம் 36 ஆகியிருந்தது. மாதம் 1,275 ரூபாவாக இருந்த வட்டி 2,550 ஆனது. நான் கட்டிய 4,250 ரூபாவில் கடனுக்குப் போனது 1,700 மட்டும். கடைசியில் மனைவியின் சீட்டுக் காசில்தான் அதை மூடினேன். அந்தச் சீட்டு மகளின் படிப்புக்கென்று போட்டது. வீட்டில் அதைப் பற்றி இன்றும் யாரும் பேசுவதில்லை, நானும் பேச்சைக் கிளப்புவதில்லை.

2023 ஓகஸ்டில் மத்திய வங்கி மறுபடி தலையிட்டு 28 சதவீதம் என்று வரம்பு வைத்தது. இன்றைய வீதம் வங்கிக்கு வங்கி வேறுபடும், கேட்டுக்கொள்ளுங்கள். நான் பட்டது இதுதான்: அட்டை எடுக்கும்போது இருந்த வீதம் கடன் பட்டிருக்கும்போது இருக்காது.

இன்னொரு செலவைக் கடைகளில் பார்க்கலாம். அட்டையை நீட்டினால் "மூன்று வீதம் கூட" என்பார்கள். 40,000 ரூபா போனுக்கு அது 1,200 ரூபா. மருமகனின் புள்ளிக் கணக்கில் 1,200 ரூபா சேர்க்க 240,000 ரூபா செலவழிக்க வேண்டும்! இப்படி மேலதிகமாக அறவிட வியாபாரிகளுக்கு அனுமதி இல்லை என்று மத்திய வங்கி சொல்லியிருக்கிறது. பற்றுச்சீட்டுடன் உங்கள் வங்கியிடம் முறையிடலாம். நம்மவர் கடைகளும் இதில் விதிவிலக்கு அல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வட்டியில்லாத் தவணை என்று வாங்கும்போதும், காசுக்கு வாங்கினால் விலை எவ்வளவு என்று ஒருதரம் கேளுங்கள். வித்தியாசம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ராத்தா குசினியிலிருந்தே கேட்டார்: "அது வட்டிச் சாமான் இல்லையா?" கேள்வி நியாயமானது. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் கழகம் 2000 ஆம் ஆண்டு ரியாத் அமர்வில், வட்டி நிபந்தனை உள்ள கடனட்டையை, அவகாசத்துக்குள் கட்டும் எண்ணம் இருந்தாலும் பாவிக்கக் கூடாது என்று தீர்மானித்தது. கணக்கில் இருக்கும் சொந்தக் காசிலிருந்து கழியும் அட்டைக்கு அந்தத் தடை இல்லை. முழுத்தொகையும் தானாகக் கட்டுப்படும்படி ஏற்பாடு செய்துகொண்டால் பாவிக்கலாம் என்று கூறும் உலமாக்களும் இருக்கிறார்கள். நான் மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் ஆள் இல்லை. அவனுடைய பள்ளி மௌலவியிடம், படிவத்தையும் காட்டியே கேட்கச் சொன்னேன். வாய்மொழியாகக் கேட்டால் வட்டி நிபந்தனை பற்றிய பக்கம் பேச்சில் வராது.

அவனுக்கு இன்னொரு பயம், கிரிப். கடன் தகவல் பணியகம் யாரையும் கறுப்புப் பட்டியலில் போடுவதில்லை. எல்லாருடைய கடன் விபரமும் அங்கே இருக்கும். ஒழுங்காகக் கட்டியதும் பதிவாகும், பிந்தியதும் பதிவாகும். நாளைக்கு அவன் வீடோ வாகனமோ வாங்கப் போகும்போது வங்கி அதைப் பார்க்கும்.

என் அபிப்பிராயத்தை அவனிடம் ஒளிக்கவில்லை. மாதக் கடைசியில் கணக்கில் 50,000 ரூபா மிஞ்சியிருக்கும் பழக்கம் வந்த பிறகு இதைப் பற்றி யோசி, இப்போது டெபிட் அட்டை போதும் என்றேன். எடுத்தே ஆகவேண்டுமென்றால் சம்பளக் கணக்கிலிருந்து முழு நிலுவையும் கழியும்படி நிலையான கட்டளை கொடு. கடன் எல்லையை வங்கி தரும் அளவுக்கு வைக்காமல் ஒரு மாதச் செலவுக்குக் குறைத்துக் கேள். முதல் வருடம் முடிய முன் நாட்காட்டியில் குறித்துவைத்து, ஆண்டுக் கட்டணத்தை நீக்கும்படி கேள். தராவிட்டால் எழுத்தில் ரத்துச் செய். அட்டையை வெட்டிக் குப்பையில் போட்டால் கணக்கு மூடப்படாது.

திங்கட்கிழமை முகவருக்கு அழைத்து, எல்லாக் கட்டணங்களும் உள்ள அட்டவணையை அனுப்பும்படி கேட்டிருக்கிறான். "அனுப்புறேன் சேர்" என்றாராம். இதை எழுதும் வரை வரவில்லை. படிவம் எங்கள் வீட்டு மேசை லாச்சியில் இருக்கிறது.