கசகசப்பில்லாத வெயில்

குவைத் விமான நிலையம் இருப்பதே ஃபர்வானியா மாகாணத்தில்தான். நாகப்பட்டினத்திலிருந்து ஜூலையில் முதன்முறை வேலைக்குப் போகிறவர் கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் முகத்தில் அடிக்கும் காற்று 48 டிகிரி இருக்கலாம். இதே குவைத்தின் மித்ரிபாவில் 2016 ஜூலை 21 அன்று பதிவான 53.9 டிகிரியை உலக வானிலை அமைப்பு ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஊரிலிருந்து போனில் “அங்க வெயில் எப்படிப்பா?” என்று கேட்டால், “கொளுத்துது, ஆனா நம்மூரு மாதிரி கசகசன்னு இல்ல” என்பார் வந்தவர். அந்தக் கசகசப்பு இல்லாததை நம்பித்தான் புதியவர்கள் பலர் தண்ணீர் குடிக்க மறந்துபோகிறார்கள்.

வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிப் பார்த்தால் கிடைப்பது ஈரக்குமிழ் வெப்பநிலை. வியர்வையால் உடல் எவ்வளவு குளிர முடியும் என்பதை அது காட்டும். 34 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள கடலோர மதியத்தில் அது சுமார் 29. ஃபர்வானியாவின் 48 டிகிரியில், ஈரப்பதம் 10 சதவீதமாக இருந்தால், சுமார் 23தான். இந்தக் கணக்கில் நாகப்பட்டினமே மோசம்! ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. நம் தோலின் வெப்பம் ஏறக்குறைய 35 டிகிரி. அதைவிடச் சூடான காற்று உடலிலிருந்து வெப்பத்தை எடுக்காது, உடலுக்குள் ஏற்றும். வேலையில் உண்டாகும் சூடு, வெயில், காற்று மூன்றையும் வியர்வை ஒன்றே சமாளிக்க வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் வெளியேறும். கடும் வேலையில் மணிக்கு ஒரு லிட்டர் போவது சாதாரணம். ஊரில் அது சொட்டும், பனியன் நனையும், தாகம் தெரியும். இங்கே தோலுக்கு வந்ததும் உலர்ந்துவிடுகிறது. சட்டை முதுகில் வெள்ளை உப்புக்கோடு விழுந்த பிறகுதான் எவ்வளவு போயிருக்கிறது என்பதே தெரியும்.

ஊரில் புழுங்கினால் ஜன்னலைத் திற, மின்விசிறியைப் போடு என்போம். இங்கே அது சூட்டை உள்ளே அழைப்பது. குளியலறையும் தலைகீழ். மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் கொதிப்பதால் கோடையில் கீசரை அணைத்துவிடுகிறார்கள். ஏசி ஓடும் வீட்டுக்குள் இருக்கும் கீசர் தொட்டியில் தண்ணீர் கொஞ்சம் ஆறியிருக்கும். ஆக, குளிக்கத் திறப்பது வெந்நீர்க் குழாயை! வளைகுடாவில் பழையவர்கள் புதியவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடங்களில் இதுவும் ஒன்று.

உடம்புக்கு இந்தப் பாடம் ஏறச் சுமார் இரண்டு வாரம் பிடிக்கும். முதல் சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடுகிறது. அதனால் இதயம் அவ்வளவு வேகமாக அடிக்க வேண்டியதில்லை. பிறகு வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதிகம் வரும். அதே நேரம் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் உப்பைப் பிடித்து வைப்பதால் வியர்வையின் கரிப்புக் குறையும். அதுவரை பக்காலாவில் (மளிகைக் கடையில்) கிடைக்கும் லபன் என்ற மோரில் உப்புப் போட்டுக் குடிப்பது நல்ல யோசனைதான். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்க வேண்டும்.

மாறாத ஒன்றும் உண்டு. ஜப்பானிய உடலியல் அறிஞர் யாஸ் குனோ பல நாட்டவரின் தோலில் வேலை செய்யும் வியர்வைச் சுரப்பிகளைக் கணக்கிட்டார். ஜப்பானியருக்குச் சராசரியாகச் சுமார் 23 லட்சம், பிலிப்பினோக்களுக்குச் சுமார் 28 லட்சம். பெரியவரான பின் வெப்ப நாட்டுக்குப் போனவர்களுக்கு இந்த எண்ணிக்கை கூடவில்லை. எத்தனை சுரப்பிகள் இயங்கும் என்பது பிறந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிவாகிவிடுகிறது என்றார் அவர். கைக்குழந்தையாகப் பட்ட வெயில்தான் அக்காமா (குடியிருப்பு அனுமதி) வாங்கிய பிறகும் தோலில் வேலை செய்கிறது.

குவைத்தின் 2010–2016 இதயநோய் மரணங்களை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2020இல் ‘சர்க்குலேஷன்’ இதழில் வந்தது. நாள் முழுவதற்குமான சராசரி 43 டிகிரியைத் தொட்ட நாட்களில் அத்தகைய மரண ஆபத்து சுமார் மூன்று மடங்கு. உழைக்கும் வயதினருக்கு அது இன்னும் அதிகம். ஜூன் முதல் ஆகஸ்ட் முடிய காலை 11 முதல் மாலை 4 வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று குவைத் சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் காலை 9 மணி வெயிலில், நேற்று வந்திறங்கியவரும் ஐந்து வருஷமாக சைட்டில் நிற்பவரும் அந்தச் சட்டத்துக்கு ஒன்றுதான். வெட்டவெளியில் வெப்பத்தால் நேரும் தொழிலாளர் மரணங்களில் 50 முதல் 70 சதவீதம் வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாட்களில் நிகழ்வதாக அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் சொல்கிறது. அந்நாட்டின் பரிந்துரைப்படி, புதியவருக்கு முதல் நாள் வழக்கமான வெயில் வேலையில் 20 சதவீதம்தான். பிறகு தினமும் 20 சதவீதம் கூட்டலாம்.

பழகிய உடம்பு மறக்கவும் செய்யும். ஏசி அறை, ஏசி பஸ், ஏசி ஆபீஸ் என்றிருப்பவர் பத்து வருஷம் ஆனாலும் வெயிலுக்குப் புதியவர்தான். வெயிலிலிருந்து விலகி மூன்று நான்கு வாரம் இருந்தால் பழக்கத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. தங்கை கல்யாணம், குலதெய்வக் கோயில் என்று ஒரு மாத லீவை நிழலில் கழித்துவிட்டு ஆகஸ்டில் திரும்புகிறவரை, பழைய ஆள்தானே என்று மறுநாளே முழு வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவருக்கும் அதே பரிந்துரையில் தனிக் கணக்கு உண்டு: முதல் நாள் பாதி வேலை, இரண்டாம் நாள் 60 சதவீதம், மூன்றாம் நாள் 80, நான்காம் நாளில்தான் முழுசு.